இரண்டரை மணி நேரத்தை என்ன செய்தோம்?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி மாதம். காலை ஆறரை மணி சுமாருக்கு, சுமாத்ராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பூமி உடைந்தது. அடுத்த பத்து நிமிடத்துக்குள் சென்னை நகரின் பல பகுதிகளில் கட்டில்கள் அசைந்தன, பாத்திரங்கள் ஓசையிட்டன. மாடிக் குடியிருப்புகளில் இருந்த பலர் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். சற்று நேரம் நின்று பேசினார்கள். ஒன்றும் நேராததைக் கண்டு மறுபடி மேலே போய்க் காப்பி குடித்தார்கள். ஏறத்தாழ ஒன்பது மணிக்கு மெரினாவில் கடல் மேலேறி வந்தது.

ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம். அந்தப் பூகம்பத்தின் அளவு, அதன் ஆற்றல், அது விழுங்கிய உயிர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. என்னைக் கேட்டால், சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அன்று நேர்ந்ததில் மிகவும் யோசிக்க வேண்டியது அந்த இரண்டரை மணி நேரம்தான் என்பேன். ஓர் ஆள் மெரினா மணலிலிருந்து எழுந்து, சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, மெதுவாக நடந்தே முகப்பேர் வரும் வழியில் பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிடக்கூடிய நேரம் அது!

முகப்பேரைச் சொன்னதும் ஒரு கேள்வி எழும். நேர்கோட்டில் அளந்தாலே கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர் இது. அம்பத்தூர் எஸ்டேட்டும் பாடியும் பக்கத்தில். இங்குள்ள பள்ளிகளில் படிக்கிறவர்களுக்கு ஆழிப்பேரலையால் என்ன வந்தது என்று கேட்கலாம். வங்கக் கடல் எவ்வளவு பொங்கினாலும் அந்த அலை முகப்பேர்த் தெருக்களுக்கு வராது. அதை மறைத்து உங்களைப் பயமுறுத்துவது ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அழகல்ல. கடல் இங்கே வராது. ஆனால் நாம் அங்கே போகிறோம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை, காணும் பொங்கல் என்று எத்தனை நாட்கள்! அன்று மெரினாவில் மாண்டவர்களில் கடலோரக் குப்பத்து மக்கள் மட்டுமல்ல, காலை நடைக்கு வந்தவர்களும் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை வீடு எந்தப் பேட்டையில் இருந்தது என்பது ஒரு பொருட்டே அல்ல. அன்று காலை அவர்கள் நின்ற இடம்தான் கணக்கு.

இனி, அந்த இரண்டரை மணி நேரம் எப்படி வந்தது என்று பார்ப்போம். இது நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, சுமாத்ரா, நிக்கோபார், அந்தமான் தீவுகளின் மேற்கே இன்னொரு தட்டின் அடியில் நுழைகிறது. நுழைவது சீராக நடப்பதில்லை. இரு தட்டுகளும் ஒட்டும் இடத்தில் உராய்வினால் பூட்டிக்கொள்கின்றன. மேல் தட்டின் விளிம்பு கீழே இழுக்கப்பட்டு, வளைத்துப் பிடித்த மூங்கில் பிளாச்சு போலப் பல நூறு ஆண்டுகள் இருக்கும். ஒரு நாள் பூட்டு விடுபடும். அன்று விடுபட்ட பகுதியின் நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில் பாதை எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு நீளம். சுமாத்ரா அருகே தொடங்கிய உடைவு வடக்கு நோக்கி ஓடி அந்தமான் வரை போய் நிற்கச் சுமார் எட்டு முதல் பத்து நிமிடம் ஆயிற்று. அளவு 9.1 என்றும் அதற்குச் சற்று மேல் என்றும் மதிப்பிட்டார்கள்.

இந்த உடைவு இரண்டு வகையான செய்திகளை அனுப்பியது. ஒன்று நிலத்தின் வழியாக வந்தது. மற்றது நீரின் வழியாக வந்தது. நிலத்தின் வழியே வரும் முதல் அதிர்வலை பாறைக்குள் நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. சுமாத்ரா மையத்திலிருந்து சென்னை சுமார் 2,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், 250 நொடி, அதாவது நான்கு நிமிடமும் கொஞ்சமும். ஆட்டத்தை நன்றாக உணரச் செய்யும் மெதுவான அலைகளும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். நீரின் வழியே வருகிற அலையின் வேகத்துக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். வங்கக் கடலின் அந்தப் பகுதியில் ஆழத்தை 3,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை சுமார் 171; மணிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜெட் விமானத்தோடு ஒப்பிடத்தக்க வேகம்தான். இருந்தாலும் பாறையில் பாயும் அலைக்கு முன்னால் இது மாட்டு வண்டி.

நிலம் தந்தி அடித்தது. கடல் தபாலில் வந்தது. (நம் நாட்டில் தந்தி சேவை 2013-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. தந்தி என்றால் என்ன என்று வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) தந்தி வந்து சேர்ந்தது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

கணக்கில் ஒரு சிக்கல் இருப்பதைக் கூர்மையான மாணவர்கள் கவனித்திருப்பீர்கள். 2,000 கிலோமீட்டரை இந்த வேகத்தால் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறதே, அலையோ இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டதே! காரணம், அலை புறப்பட்ட இடம் ஒரு புள்ளி அன்று, நீண்ட கோடு. சென்னையைத் தாக்கிய நீர் பெரும்பாலும் நிக்கோபார்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டது. அங்கிருந்து இங்கே சுமார் 1,400 கிலோமீட்டர். இரண்டே கால் மணி நேரம் வருகிறது. கரையை நெருங்கும்போது ஆழம் குறைந்து அலை மெதுவாகும் நேரத்தையும் சேர்த்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடுகிறது. பூகம்ப மையம் என்று படத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக் காட்டுகிறார்களே, மிகப் பெரிய பூகம்பங்களில் அந்த நட்சத்திரம் உடைவு தொடங்கிய இடத்தை மட்டுமே காட்டும். நட்சத்திரம் தூரத்தில் இருக்கிறது என்று நிம்மதி அடைவதற்கில்லை.

நடுக்கடலில் இந்த அலை எவ்வளவு உயரம் இருந்தது தெரியுமா? பூகம்பம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தற்செயலாக மேலே கடந்த ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் அளந்தது. சுமார் 60 சென்டிமீட்டர்! ஆழ்கடலில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களுக்குப் படகின் அடியில் அலை போனதே தெரிந்திருக்காது. கரை அருகே பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் சுமாராகக் குறைகிறது. முன்னால் போவது தயங்க, பின்னால் வருவது நெருக்க, நீர் உயர்கிறது. சாதாரண அலையைப் போல அது மடங்கி விழுந்து திரும்பிப் போவதில்லை. பல நிமிடங்கள் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. திரும்பும்போதும் அதே வேகத்தில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. முதல் அலையோடு முடிந்துவிட்டது என்று உறவினரைத் தேடக் கரைக்கு ஓடியவர்கள் பல ஊர்களில் அடுத்த அலையில் சிக்கினார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மொத்தம் ஏறத்தாழ 8,000 பேர். சென்னையில் இருநூறுக்கும் மேல். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டேகால் லட்சத்தைத் தாண்டுகிறது. இலங்கையில் பெராலிய என்ற ஊரருகே நின்றிருந்த ஒரு ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மேட்டு நிலத்துக்குப் போவதற்குப் பதிலாக ரயில் பெட்டியை நம்பி ஏறியவர்களும் அதில் உண்டு.

அப்போது எச்சரிக்கை நிலையம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். பசிபிக் பெருங்கடலுக்கு இருந்தது. 1960-களிலிருந்தே பல நாடுகள் சேர்ந்து அதை நடத்தி வந்தன. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஹவாய்த் தீவில் இருந்த விஞ்ஞானிகள் பூகம்பத்தைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டார்கள். முதலில் அதன் அளவைக் குறைவாக மதிப்பிட்டார்கள். யாருக்குச் சொல்வது என்பதற்கு அவர்களிடம் வழி இல்லை. கார் நிக்கோபாரில் இருந்த நமது விமானப் படைத் தளம் நீரில் சிக்கிய செய்தி, சென்னைக் கரையை அலை தொடுவதற்கு முன்பே பெருநிலத்துக்கு வந்திருந்தது. அந்தச் செய்தியும் கடற்கரையில் நின்றவனின் காதுக்கு எட்டவில்லை. ஆக, அன்று தகவல் இருந்தது. கடைசி ஒரு மைல்தான் இல்லை.

இதே நாளில் அந்தக் கடைசி மைலைக் கடந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் நம் பாடப் புத்தகங்கள் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சுமாத்ராவுக்கு மேற்கே சிமலூ என்று ஒரு தீவு. உடைவின் வாசலிலேயே இருப்பதால் அங்கே முதல் அலை எட்டுப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். செயற்கைக்கோள் இல்லை, சைரன் இல்லை. அங்கே 1907-ல் ஒரு பேரலை வந்து ஏராளமானோரைக் கொன்றிருந்தது. தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் பொருளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து அந்தத் தாலாட்டு வேலை செய்தது. ஒருவர் ‘ஸ்மோங்’ என்று கத்தினால் போதும், விளக்கம் கேட்க யாரும் நிற்கவில்லை.

நமக்கும் ஒரு சொல் இருந்தது: கடல்கோள். எவ்வளவு அழகான, எவ்வளவு பழைய சொல்! புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. பாண்டியரின் சங்க நகரங்களைக் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை சொல்கிறது. அதில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வருவது வேறு. நாம் அந்தச் சொல்லைத் தமிழ்ப் பாடத்தில் வைத்து ஐந்து மதிப்பெண் வினாவாக்கினோம். சிமலூத் தீவினர் தங்கள் சொல்லைத் தொட்டிலில் வைத்தார்கள். பழம்பெருமை ஒருவனையும் மேட்டுக்கு ஓட வைக்காது. கடல்கோள் என்ற சொல்லோடு ‘அப்போது என்ன செய்ய வேண்டும்’ என்ற ஒரு வாக்கியமும் சேர்ந்து வழிவழியாக வந்திருந்தால், 2004-ல் நாம் சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை இத்தனை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பழங்காலம் வேண்டாம், கருவிகள் வந்த காலத்தைப் பாருங்கள். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே 7.9 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டது. அப்போது எழுந்த ஆழிப்பேரலையை நாகப்பட்டினம், மெட்ராஸ் உள்ளிட்ட துறைமுகங்களில் இருந்த அலைமானிகள் தாளில் கோடு கிழித்துக் காட்டின. உயரம் ஒரு மீட்டரை ஒட்டியதுதான். பெரிய சேதம் இல்லை. 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் அலை நம் கரை வரை வந்து பதிவாகியிருக்கிறது. அதாவது, அந்தமான் நிக்கோபார்ப் பக்கம் பூமி ஆடினால் சென்னைக் கரைக்கு அலை வரும் என்பதற்குச் சென்னையிலேயே எழுத்துப்பூர்வமான சாட்சி நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது! அதைப் பூகம்ப ஆராய்ச்சியாளர் சிலர் அறிவார்கள். ஊரார் அறிய மாட்டார்கள்.

தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி செய்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலை பாடம் நடந்திருந்தது. கடல் நீர் நுரைத்துக் குமிழியிடுவதைக் கண்டு பெற்றோரை நச்சரித்து, சுமார் நூறு பேர் கரையை விட்டு அகலக் காரணமானாள். நம் பக்கத்தில், புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ ஊர். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில், மீனவர்களுக்குக் கடல் நிலவரம் அறிவிக்க ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள். இரண்டும் கேட்கக் கேட்க மகிழ்ச்சி தருபவை. ஆனால் இரண்டிலும் தற்செயலின் பங்கு அதிகம். பாடம் இரண்டு வாரம் தள்ளி நடந்திருந்தால்? சிங்கப்பூரில் அந்த இளைஞர் தூங்கியிருந்தால்? சிமலூவில் தற்செயல் எதுவும் இல்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவேதான் மூன்றில் அதை மேலானது என்கிறேன்.

இங்கே ஒரு விஞ்ஞான நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கதை கேட்டுத் தவறான பாடம் படித்தவர்கள் ஆவோம். ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாக் கரையிலும் அப்படி நடப்பதில்லை. அன்று மேல் தட்டின் மேற்கு விளிம்பு மேலே எழும்பியது. அதன் கிழக்குப் பகுதி தாழ்ந்தது. ஆகவே கிழக்கே இருந்த தாய்லாந்துக்கு அலையின் பள்ளம் முதலில் போயிற்று, கடல் உள்வாங்கிற்று. மேற்கே இருந்த நமக்கும் இலங்கைக்கும் மேடு முதலில் வந்தது. நம் கரையில் கடல் வெகு தூரம் பின்வாங்கியதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையில் நிகழ்ந்தது. மாமல்லபுரத்தில் அப்படி நீர் விலகியபோது பாறைகள் வெளித் தெரிந்ததும், பிறகு தொல்லியல் துறை அங்கே ஆய்வு நடத்தியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அந்தமான் நிக்கோபார்ப் பக்கம் இப்படி உடைந்தால், கடல் உள்வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு சென்னைக் கரையில் நிற்பவனுக்கு முன்னறிவிப்பே கிடைக்காமல் போகலாம். நமக்கு முதல் அறிகுறி நில ஆட்டம்தான்.

அந்த ஆட்டமும் பயங்கரமாக இருக்காது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து வரும் அதிர்வில் வேகமான நடுக்கங்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான அசைவுகள் மட்டும் நெடுந்தூரம் வந்து சேரும். மின்விசிறி ஊஞ்சல்போல ஆடும். வாளித் தண்ணீர் தளும்பும். மேல் மாடியில் இருப்பவருக்குத் தலைசுற்றுவது போலத் தோன்றும். தரையில் நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அருகில் நடக்கும் சிறு பூகம்பமோ ‘படபட’ என்று குலுக்கிவிட்டுச் சில நொடிகளில் ஓய்ந்துவிடும். மெல்ல, வெகு நேரம் ஆடினால் எங்கோ தொலைவில் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று பொருள். முகப்பேரில் நான்காம் மாடியில் இருக்கும் மாணவனுக்கு இது தெரியும் வாய்ப்பு, மெரினா மணலில் நிற்பவருக்குத் தெரியும் வாய்ப்பைவிட அதிகம்! கடற்கரைக்குப் போயிருக்கும் அப்பாவையோ அக்காவையோ கூப்பிட்டு ‘மேலே வந்துவிடுங்கள், வானொலியைக் கேட்போம்’ என்று சொல்வதற்கு அவனுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்.

இப்போது நம்மிடம் எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. ஹைதராபாதில் கடல் தகவல் சேவைக்கான தேசிய மையத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளும் மிதவைகளும் அலைமானிகளும் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் நிகழ்ந்தது. சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நிலையம் எச்சரிக்கை விடுத்து, பிறகு விலக்கிக்கொண்டது. அன்று தட்டுகள் பக்கவாட்டில் உரசிச் சென்றதால் நீரைத் தூக்கிவிடவில்லை. மிகச் சிறிய அலையே எழுந்தது. நிலையத்தின் வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதைக் கட்டியவர்களை வணங்க வேண்டும்.

ஆனால் கருவி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். 2004 டிசம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். பேரலை வந்த நான்காம் நாள். மறுபடி வரக்கூடும் என்று மத்திய உள்துறையிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கரையோர ஊர்கள் முழுவதும் அலறியடித்து ஓடின. மீட்பு வேலைகள் நின்றன. அலை வரவில்லை. பூகம்பம் எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்லும் விஞ்ஞானம் இன்றுவரை கிடையாது என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தால், ‘இப்போது எங்கே பூமி ஆடியது?’ என்ற ஒரு கேள்வி அந்தப் பீதியைப் பாதியாக்கியிருக்கும். இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கேயும் எச்சரிக்கை நிலையம் இருந்தது. 2018 செப்டம்பரில் பாலு நகரில் பூகம்பத்துக்குப் பின் சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து எழுந்த அலைக்கு முன்னால் எச்சரிக்கையே இல்லை. கருவி கண்டுகொள்ளும், அறிக்கை அனுப்பும், மேட்டுக்கு நடப்பது கால்கள்தான்.

‘ஐந்நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தாய்லாந்தின் ஒரு தீவில் மண்ணைத் தோண்டி, பழைய பேரலைகள் விட்டுப்போன மணல் அடுக்குகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2004-க்கு முந்தைய பெரிய அலை சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்ததாகத் தெரிந்தது. அடிக்கடி வருவதை யாரும் மறப்பதில்லை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கூவத்துக்கு அருகே வாழும் நொளம்பூர், முகப்பேர் மேற்கு மக்களிடம் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். இருபது தலைமுறைக்கு ஒரு முறை வருவதைத்தான் சொல்லிச் சொல்லிக் காப்பாற்ற வேண்டும். இப்போதே பாருங்கள்: இன்று பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் ஒருவரும் 2004-ல் பிறந்திருக்கவில்லை. ஒரு தலைமுறைகூட முழுதாகக் கழியவில்லை. அதற்குள் அது உங்களுக்குப் பாட்டி சொன்ன கதை ஆகிவிட்டது.

இனி என் யோசனைக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று கடற்கரையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், பாலும் பூவும் கடலில் விடுகிறார்கள். உற்றாரை இழந்தவர்களுக்கு அது வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாளில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் வழக்கமாக அரையாண்டு விடுமுறையில் இருக்கும். ஆகவே அந்த நாளை நம்பினால் பள்ளிகளில் எதுவும் நடக்காது. ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் நவம்பர் 5-ஐ உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானில் 1854-ல் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, ஹிரோ என்ற ஊரில் ஹமாகுச்சி கோரியோ என்ற பெரியவர், இருட்டில் வழி தெரியாமல் தவித்த மக்களுக்கு மேட்டைக் காட்டுவதற்காகத் தம் வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்தார். வெளிச்சத்தை நோக்கி ஓடியவர்கள் பிழைத்தார்கள். அது அவர்களுடைய பழைய நாட்காட்டியில் பதினோராம் மாதம் ஐந்தாம் நாள். நம் கணக்கில் அதுவும் டிசம்பர்தான்! பெயர்ச்சிப் பிழையால் நமக்கு ஒரு நன்மை. நவம்பர் 5, தீபாவளியோ ஞாயிறோ மழை விடுமுறையோ குறுக்கிடாவிட்டால், பள்ளி நாள்.

அன்று எல்லாப் பள்ளிகளிலும் ஒரு பயிற்சி நடக்க வேண்டும். கடலோரப் பள்ளிகளில் மட்டுமல்ல, முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளிலும். கடலோர ஊர்களில் இது நடக்க முடியும் என்பதற்கு ஒடிசா சாட்சி. அங்கே வெங்கடராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கிராமங்கள் பயிற்சி செய்து, வழி காட்டும் பலகைகள் நட்டு, 2020-ல் ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்திடம் சான்று பெற்றன. ஏழை மீனவ ஊர்களால் முடிந்தது நகரத்துப் பள்ளிகளால் முடியாதா?

உள்நாட்டுப் பள்ளிகளுக்குப் பூகம்பப் பயிற்சியே ஒரு தனிக் காரணம். 2002-ல் சென்னையைப் பூகம்ப அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஜனவரி 26 அன்று, குஜராத்தின் கட்ச் பகுதியில் நிகழ்ந்த பூகம்பத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாதில் பல அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவர் இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி வண்டி நிறுத்துவதற்கு விட்டவை. மேலே கனம், கீழே குச்சிக் கால்கள். நம் தெருவில் அப்படி எத்தனை கட்டடங்கள் என்று பள்ளிக்குப் போகும் வழியில் எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஆபத்தானவை என்று பொருளல்ல. தூண்களில் கம்பியை விதிப்படி கட்டியிருந்தால் அவை நிற்கும். அதைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டுபவரும் சற்று யோசிப்பார்.

பயிற்சி என்றால் பெரிய ஏற்பாடு வேண்டாம். மணி அடித்ததும் மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பற்றிக்கொள்வது. ஆட்டம் நின்றது என்று ஆசிரியர் சொன்னதும் தள்ளாமல் படியிறங்கித் திறந்த வெளியில் நிற்பது. பிறகு ஆசிரியர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘இப்போது நீங்கள் மெரினாவில் இருக்கிறீர்கள். எந்தப் பக்கம் போவீர்கள்?’ பலர் கடற்கரைச் சாலையோடு வடக்கே கைகாட்டுவார்கள், பஸ் அங்கேதான் நிற்கிறது என்று. கரையோடு போகக் கூடாது. கரையை விட்டு மேற்கே போக வேண்டும், முடியாவிட்டால் உறுதியான கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டும், கூவத்தின் முகத்துவாரத்தையும் அடையாற்று முகத்துவாரத்தையும் ஒட்டி நிற்கக் கூடாது, முதல் அலை வடிந்ததும் திரும்பிப் போகக் கூடாது, பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடிக்க இருபது நிமிடம் போதும்.

இதற்கு எந்தப் பீரியடை எடுப்பது என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு வரும். விளையாட்டுப் பீரியடைத் தொட வேண்டாம் என்று இப்போதே உங்கள் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். கணக்குப் பீரியடில் வைத்துக்கொள்ளலாம். வர்க்கமூலம் போட்டுப் பார்த்த மாதிரியும் இருக்கும்.